கடைமடைக் குரல்

என் குரலை நான்கு நாள் பதிவு செய்தார்கள்,
முத்துப்பேட்டையில், சுவரெல்லாம் மெத்தை அடித்த மாடியறையில்,
இறால் பண்ணை மோட்டார் சத்தம் உள்ளே வராதபடி.
“தரைத்தளம்.” “சன்னலை விட்டு விலகி.”
“குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.”
எண்களை மட்டும் ஒரு மதியம் முழுக்க,
ஒன்றிலிருந்து நூறு வரை,
பதறாமல்.

தாளில் “வெளியேறுங்கள்” என்றிருந்தது.
வேண்டாம் என்றேன்.
அது வாடகை பாக்கிக்காரனிடம் சொல்வது.
“கெளம்புங்க” என்றால்தான்
நம் ஆட்கள் செருப்பைத் தேடுவார்கள்.
மாற்றினார்கள்.

அந்தத் துறைமுக நகரத்தில்
டெல்டாக்காரர்கள் அறுநூறு பேர்,
கிடங்கில், கிரேனில், அடுப்படியில்.
முதல் குண்டு விழுந்த வாரம்
அவர்களுக்குப் புரிந்த மொழியில் சைரன் மட்டும்தான் இருந்தது.
பிறகு வந்தது இந்த ஏற்பாடு.
எந்தத் தெரு எரிகிறது, எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது என்று
ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்வதையெல்லாம் ஒத்துப் பார்த்து
ஓர் இயந்திரம் எழுதும்.
என் குரலில் பேசும்.
கேட்டவர் யார், எங்கே ஒளிந்திருக்கிறார் என்பதை
எந்தப் படைக்கும் சொல்லாது.

அதன் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.
“கிழக்கு வாசல் பற்றி எனக்குத் தெரியாது.
கடைசித் தகவல் வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது.”
உயிரைக் கையில் பிடித்திருப்பவன்
இதையா கேட்க விரும்புவான்?
மின்னஞ்சலில் சண்டை போட்டேன்.
பதில் ஒரே வரி:
தெரியாததைத் தெரியும் என்று அது சொல்லாது.

எங்கள் பக்கம் ஒன்று உண்டு.
மேட்டூர் திறந்தாச்சு என்று பேப்பரில் வரும்.
கல்லணையில் பூத் தூவுவார்கள், படம் போடுவார்கள்.
கடைமடையில் எவனும் விதையை நனைக்க மாட்டான்.
மதகு லஸ்கர் சைக்கிளில் வந்து
“மூணாறு தலைப்புல கண்ணால பாத்தேன்,
அதுக்குக் கீழ எனக்குத் தெரியாது” என்றால்
அன்றைக்கு மூட்டையைப் பிரிப்பான்.
எனக்கே இது பன்னிரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

பன்னிரண்டாம் இரவு
அலுவலகத்திலிருந்து ஓர் ஒலித்துண்டு:
இது உங்கள் பதிவா?

“வடக்குச் சாலை முழுக்கப் பாதுகாப்பு.
பஸ் நிக்குது. உடனே கெளம்புங்க.”

என் குரல்.
என் ‘கெளம்புங்க’.
நான் இழுக்கிற ளகரம்கூட அப்படியே.
நான் சொல்லவே இல்லை.
இருந்தும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நாலாவது நிமிஷம் இயந்திரம் பேசியது, அதே குரலில்:
“சற்று முன் வந்தது நான் அனுப்பியதல்ல.
வடக்குச் சாலை பற்றி எனக்குத் தகவல் இல்லை.
இருக்கும் இடத்திலேயே இருங்கள்.
இதையும் நம்ப வேண்டாம் என்று தோன்றினால்
உங்களிடம் உள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள், மனிதர் எடுப்பார்.”

அதற்கு முன்பே
ஒரு மீன் கிடங்கின் கீழே முப்பத்தோரு பேர் அசையவில்லை.
தில்லைவிளாகம் குஞ்சிதபாதம், கிரேன் ஓட்டுகிறவர்,
கதவை மறித்து நின்றாராம்.
“எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுச்சு.
நம்ம அக்கா அப்படிப் பேசாதே, தெரியாதுன்னு சொல்லுமே.”

ஆறு பேர் போனார்கள்.
நாலு நிமிஷத்தில் ஒரு சாலைக்குப் போய்விட முடியும்.

கோட்டூரிலிருந்து செண்பகவல்லி வந்தாள்,
மன்னார்குடியில் பஸ் மாறி,
மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க.
மணவாளன் கடைசியாக அனுப்பியதைப் போட்டுக் காட்டினாள்.
“நீதான கெளம்பச் சொன்ன?”

அது நானில்லை என்பதை
நான் எந்தக் குரலில் சொல்வது?

காபி வைத்தேன். ஆறிப்போயிற்று.
“எங்க இருக்காரு, அதாவது தெரியுமா?”
“தெரியாது.”
அந்த அறையில் ஒருமுறைகூட
அப்படிச் சொன்னதில்லை நான்.

காணாமல் போனவர்களை விசாரிக்கும் எண் இருந்தது.
அவள் உள்ளங்கையை நீட்டினாள்.
ஒவ்வொன்றாகச் சொன்னேன்,
ஏழில் மட்டும் பதறி.